மலையடிவாரத்தில் ஒரு புளிக் கொட்டகை: மானியக் கடன் வாங்கும் வழி

மாசி பிறந்துவிட்டால் தர்மபுரி மாவட்டத்தில் அரூருக்கு மேலே மலைக் கிராமங்களில் எந்தத் திண்ணையிலும் புளி தட்டுகிற சத்தம்தான். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. சித்திரை முடிந்தால் அந்தக் கூலியும் முடிந்தது. அப்புறம் ஓசூர், பெங்களூரு, திருப்பூர் என்று பஸ் ஏற வேண்டியதுதான். புளி மூட்டை மூட்டையாக மலையிறங்கிப் போகும். அதன் பின்னாலேயே ஆட்களும் இறங்கிப் போவார்கள்.

"இந்த வேலையை ஊரிலேயே வைத்து நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்தால் என்ன? அதற்கு அரசாங்கம் மானியம் தருகிறதாமே?" என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தருகிறது. அக்கம்பக்கத்தாருக்குச் சில வருடங்களாக விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து வருகிறேன். என் சொந்த விண்ணப்பமே ஒருமுறை திரும்பி வந்திருக்கிறது. அதிலெல்லாம் தெரிந்துகொண்டது ஒன்று: மானியத்தைப் பற்றிப் பேசுவது மாவட்டத் தொழில் மையத்தில், முடிவாவது வங்கி மேனேஜர் மேசையில். அந்த மேசையை மனதில் வைத்து ஒவ்வொரு காகிதத்தையும் சேர்த்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

புளியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். பென்னாகரத்தில் ராகி மாவு அரைப்பவருக்கும், வத்தல்மலையில் காப்பி, மிளகு வைத்திருப்பவருக்கும், போச்சம்பள்ளிப் பக்கம் மாங்காய் ஊறுகாய் போட நினைப்பவருக்கும் வழி இதுவேதான்.

கைக்கு வராத பணம்

"மானியம் எப்பங்கண்ணா கைக்கு வரும்?" சித்தேரி அடிவாரத்திலிருந்து வந்த ஓர் அக்கா முதல் நாளே கேட்ட கேள்வி இது. எல்லோரும் கேட்பதும் இதுதான். பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்: கைக்கு வராது.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தையே பாருங்கள். 2008-இல் தொடங்கியது, ஊரில் எல்லோரும் பிஎம்இஜிபி லோன் என்பார்கள். அக்காவின் கொட்டகைக்கு மொத்தச் செலவு 10 லட்சம் என்று வையுங்கள். கிராமத்தில் தொழில் தொடங்கும் பெண் என்பதால் அவர் சிறப்புப் பிரிவு. கையிலிருந்து போட வேண்டியது 5 சதவீதம், அதாவது 50,000 ரூபாய். மீதி 9.5 லட்சத்தையும் வங்கிதான் கடனாகத் தருகிறது. கடன் பட்டுவாடா தொடங்கிய பிறகு, வங்கி கேட்டு வாங்கும் மானியம் 35 சதவீதம், 3.5 லட்சம். அந்தப் பணம் அக்காவின் சேமிப்புக் கணக்குக்கு வராது. வங்கியிலேயே அவர் பெயரில் வைப்புத்தொகையாக மூன்று வருடம் கிடக்கும். வைப்புக்கு வட்டி கிடையாது. கடனில் அந்த 3.5 லட்சத்துக்கும் வட்டி போடக் கூடாது. மூன்று வருடம் கழித்து ஆள் வந்து தொழில் நடக்கிறதா என்று பார்த்து, நடந்தால் அதைக் கடனில் கழித்துவிடுவார்கள்.

ஆக, அக்கா உண்மையில் கட்ட வேண்டியது 6 லட்சம். வட்டி 11 சதவீதம், ஐந்து வருடம் என்று போட்டுப் பார்த்தால் மாதத் தவணை 13,000 ரூபாய் சொச்சம். மாசியில் மட்டுமல்ல, வேலையில்லாத ஐப்பசியிலும் இந்தப் பதிமூன்றாயிரம் வர வேண்டும். மூன்று வருடத்துக்குள் கொட்டகையைப் பூட்டினால் மானியமும் போச்சு, கடன் முழுதாக நிற்கும்.

இதைக் கேட்டதும் சிலர் எழுந்து போய்விடுவார்கள். அது நல்லதுதான்.

எந்தத் திட்டம் யாருக்கு

பிஎம்இஜிபியில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டச் செலவு இருக்கலாம். வயது 18 ஆகியிருந்தால் போதும், மேல் வரம்பு இல்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், முன்னாள் ராணுவத்தினர், மாற்றுத்திறனாளிகள், திருநர் எல்லோரும் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள். நம் பக்கத்தில் அதில் வராத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பொதுப் பிரிவுக்குக் கிராமத்தில் 25 சதவீதம், சொந்தப் பங்கு 10 சதவீதம்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கிராம ஊராட்சிக்குள் தொழில் இருந்தால் சிறப்புப் பிரிவுக்கு 35 சதவீதம். அதே ஆள் நகராட்சி எல்லைக்குள் வைத்தால் 25. கரண்டு, ரோடு வசதி என்று தர்மபுரி டவுனுக்குள் இடம் பிடித்தால் 10 லட்சத்தில் ஒரு லட்சம் குறைந்துவிடும். எட்டாத ஊர் என்று நாம் அலுத்துக்கொள்வதற்கு இங்கே ஒரு விலை கிடைக்கிறது. இன்னொன்று, உற்பத்திக்கு 10 லட்சத்துக்கு மேலும் சேவைக்கு 5 லட்சத்துக்கு மேலும் போனால்தான் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். அக்கா படித்தது ஐந்தாவது வரை. திட்டத்தைச் சரியாகப் 10 லட்சத்தில் நிறுத்தியதற்குக் காரணம் அதுதான்.

புதுத் தொழிலுக்கு மட்டும்தான் இது. குடும்பத்தில் கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான். ஏற்கெனவே வேறு அரசு மானியம் வாங்கிய தொழிலுக்குக் கிடையாது. திட்டத்துக்கு 2025-26 நிதியாண்டு வரை என்றுதான் ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். ஆகவே இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா, விகிதம் மாறியிருக்கிறதா என்று தொழில் மையத்தில் கேட்டுக்கொண்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

மலைக்கு மேலே இருக்கும் பழங்குடி மக்களும், கீழே பட்டியல் சாதியினரும் முதலில் கேட்க வேண்டியது மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். 2023-இல் வந்தது. 35 சதவீத மானியம், மானியத்துக்கு உச்ச வரம்பு 1.5 கோடி, அதோடு வட்டியிலும் 6 சதவீதத்தை அரசு ஏற்கிறது. படிப்புத் தகுதி கேட்பதில்லை. வட்டிச் சலுகையையும் சேர்த்தால் பிஎம்இஜிபியைவிட இது லாபம். இதைத் தெரியாமல் பலர் பிஎம்இஜிபியே போதும் என்று போய்விடுகிறார்கள்.

ஏற்கெனவே மாவு மில், செக்கு, ஊறுகாய் என்று உணவுத் தொழில் செய்கிறவருக்குப் பிரதமரின் உணவு பதப்படுத்தும் குறுந்தொழில் திட்டம் பொருந்தும். மானியம் 35 சதவீதம், 10 லட்சத்துக்கு மேல் போகாது. சொந்தப் பங்கு 10 சதவீதம். உணவுத் தொழில் செய்யும் மகளிர் குழுவாக இருந்தால் உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதியும் இதில் உண்டு. அது மகளிர் திட்ட அலுவலகம் வழியாகப் போகும்.

கடை, வியாபாரம் என்றால் மாநில அரசின் வேலையற்ற இளைஞர் திட்டம்: திட்டச் செலவு 15 லட்சம் வரை, மானியம் 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம், எட்டாவது தேறியிருக்க வேண்டும். பன்னிரண்டாவது, ஐடிஐ, டிப்ளமோ முடித்து 10 லட்சத்துக்கு மேல் பெரிதாகச் செய்ய நினைக்கும் பிள்ளைகளுக்கு நீட்ஸ் என்கிற மாநில அரசின் புதிய தொழில்முனைவோர் திட்டம். 35 வயது தாண்டிய கைவினைஞருக்குக் கலைஞர் கைவினைத் திட்டம், 3 லட்சம் வரை கடன், அதில் 50,000 வரை மானியம்.

விண்ணப்பத்துக்கு முன் மூன்று மாதம்

முதலில் கணக்கு. நூறு கிலோ புளியம்பழத்தில் சதை சுமார் 55 கிலோ, கொட்டை 34, ஓடும் நாரும் 11. கொட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். மாவாக்கிக் கஞ்சிப் பசைக்கு வாங்குகிறார்கள். பழம் என்ன விலைக்கு வாங்குவோம், கூலி என்ன, தோசைப்புளியாக அழுத்தி விற்றால் என்ன கிடைக்கும், ஆடிக்குப் பிறகு நிறம் கறுக்காமல் இருக்கக் குளிர்கிடங்குக்கு எவ்வளவு. இதைப் பள்ளி நோட்டில் பென்சிலால் போட்டாலே போதும். தர்மபுரியிலும் சேலத்திலும் நாலு மண்டிக்கு நேரில் போய் விலை கேட்டு எழுதுங்கள். அந்த நோட்டு பின்னால் மேனேஜர் முன்னால் பேசும்.

அடுத்து வங்கி. விண்ணப்பம் போடும் முன்பே உங்கள் ஊருக்குச் சேவை தரும் கிளைக்குப் போங்கள். மாதக் கடைசியிலும் திங்கள் காலையிலும் போகாதீர்கள். "சார், இப்படி ஒரு தொழில் நினைச்சிருக்கோம், பிஎம்இஜிபியில போடலாம்னு இருக்கோம், உங்க கிளையில எடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டால் போதும். எடுக்க மாட்டார் என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். ஆறு மாதம் கழித்துத் தெரிவதைவிட அது மேல். இந்தியன் வங்கியோ, தமிழ்நாடு கிராம வங்கியோ, எதில் உங்களுக்குப் பழைய கணக்கும் ஒழுங்கான வரவு செலவும் இருக்கிறதோ அங்கேயே கேளுங்கள்.

வங்கி உடனே பார்ப்பது சிபில், அதாவது நம் பழைய கடன் வரலாறு. நம் ஊரில் இதில்தான் சிக்கல். குழுக் கடன், மைக்ரோ பைனான்ஸ், யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்து, எல்லாம் அதில் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். பழைய பாக்கி 1,800 ரூபாய் என்று காட்டினாலும் கட்டி முடித்து, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கி வையுங்கள்.

பிணை கேட்டால் பயப்படாதீர்கள். குறுந்தொழிலுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. சண்டை போடாமல், "கடன் உத்தரவாத நிதியில சேர்த்துக்குங்க சார்" என்று கேளுங்கள். பிணைக்குப் பதிலாகக் கடனுக்கு உத்தரவாதம் தரும் நிதி அது.

பெயரும் இடமும்

அக்காவின் மஞ்சள் பையில் எல்லாக் காகிதமும் இருந்தன. ஆதாரில் அப்பா இனிஷியல். பான் கார்டில் கணவர் பெயர் பின்னால். சாதிச் சான்றில் பெயருக்கு நடுவே ஒரு 'ம்' கூடுதல். வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. நாலும் ஒரே ஆள்தான் என்று ஊருக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஆதாரில் உள்ளபடி திருத்தி முடிக்க ஆறு வாரம் ஆனது. வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இதை இன்றைக்கே பாருங்கள். பழங்குடியினர் சான்று தாசில்தார் அலுவலகத்தில் கிடைக்காது, கோட்டாட்சியர் தர வேண்டும். அதற்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள்.

இடம் அதைவிடப் பெரிய விஷயம். நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்க்க முடியாது. கொட்டகை கட்டும் செலவைச் சேர்க்கலாம். உங்கள் பெயரில் பட்டா இருந்தால் நல்லது. அண்ணன் தம்பிக்குக் கூட்டுப் பட்டா என்றால் மற்றவர்களிடம் சம்மதக் கடிதம் வாங்குங்கள். வாடகை என்றால் ஒப்பந்தம் போடுங்கள். மலைமேல் பலரிடம் இருப்பது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கிடைத்த உரிமை. அது வாரிசுக்குப் போகும். விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. அதை நம்பி வங்கி பிணை எடுக்காது. அதில் கொட்டகை போடவும் வனத்துறையிடம் கேட்டாக வேண்டும். அஞ்செட்டி, உரிகம் பக்கம் காவிரிச் சரணாலயங்களை ஒட்டி இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. முடிந்தவரை ஊருக்குள், வருவாய்ப் பட்டா நிலத்தில் இடம் பாருங்கள்.

இடம் பார்க்கும்போதே மின் கம்பத்தையும் பாருங்கள். கொட்டை எடுக்கும் இயந்திரத்துக்கு மூன்று முனை மின்சாரம் வேண்டும். கம்பம் எவ்வளவு தூரம், இழுக்க என்ன செலவு என்று மின்வாரியத்தில் கேட்டு அதையும் திட்டத்தில் எழுதுங்கள். வீட்டு இணைப்பிலிருந்து ஒயர் இழுத்து ஓட்டினால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அபராதம்தான்.

கொட்டேஷன், திட்ட அறிக்கை

என் விண்ணப்பம் திரும்பியது கொட்டேஷனால், அதாவது இயந்திரத்துக்கு விற்பவர் எழுதித் தரும் விலைப்புள்ளியால். தெரிந்த லேத் பட்டறைக்காரர் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்த விலையை அப்படியே வைத்திருந்தேன். ஜிஎஸ்டி எண் இல்லை. மேனேஜர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதற்குள் அந்த வருட இலக்கு முடிந்துவிட்டது. இயந்திரம் விற்பவர் அச்சடித்த தாளில், ஜிஎஸ்டி எண், இயந்திரத்தின் திறன், விலை, வரி, தேதி எல்லாம் போட்டுத் தர வேண்டும். இரண்டு மூன்று பேரிடம் வாங்கி வையுங்கள்.

திட்ட அறிக்கையை யாரோ எழுதி, நீங்கள் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். பிஎம்இஜிபியை நாடு முழுக்க நடத்தும் காதி ஆணையத்தின் தளத்தில் மாதிரி அறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு உங்கள் பென்சில் கணக்கைப் பொருத்துங்கள். மேனேஜர் "ஒரு நாளைக்கு எத்தனை கிலோ ஓடும்?" என்றால் பதில் வாயிலிருந்து வர வேண்டும், காகிதத்தைத் தேடக் கூடாது.

புளிக்காரர்கள் கவனிக்க வேண்டியது நடைமுறை மூலதனம். வருடத்துக்கு வேண்டிய பழத்தை மூன்று மாதத்தில் வாங்கிப் போட வேண்டிய தொழில் இது. மொத்தப் பணத்தையும் இயந்திரத்தில் போட்டால் மாசியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்போம். ஆனால் தேவைக்கு மேல் எழுதியும் வைக்காதீர்கள். மூன்று வருடத்துக்குள் நடைமுறை மூலதனத்துக்கு வங்கி தந்த கடன் வரம்பை ஒருமுறையாவது முழுதாக எடுத்திருக்க வேண்டும், முக்கால் பங்குக்குக் குறையாமல் பயன்படுத்தியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அந்தப் பங்குக்கான மானியத்தைத் திரும்பக் கேட்பார்கள்.

விண்ணப்பம் போட்ட பின்

பிஎம்இஜிபி விண்ணப்பம் இணையத்தில்தான். முகமை எது என்று கேட்கும் இடத்தில் மாவட்டத் தொழில் மையத்தைத் தேர்ந்தெடுங்கள். காதி வாரியம் வழியாகவும் போகலாம். ஆதார், பான், படம், சாதிச் சான்று, கிராமப் பகுதிச் சான்று, படிப்புச் சான்று, திட்ட அறிக்கை ஆகியவற்றை ஏற்ற வேண்டும். கட்டணம் ஒரு பைசா கிடையாது. "லோன் சாங்ஷன் வாங்கித் தர்றேன், ஐந்து பர்சன்ட்" என்று யாராவது சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இ-சேவை மையத்தில் நிரப்பினால் கைப்பேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். கடைக்காரர் எண்ணைக் கொடுத்துவிட்டு ஓடிபிக்காக மலையேறி இறங்கியவர்களை எனக்குத் தெரியும்.

மாதம் முக்கியம். நிதியாண்டு தொடங்கும் சித்திரை, வைகாசியிலேயே போட்டுவிடுங்கள். தொழில் மையம் சரிபார்த்து வங்கிக்கு அனுப்ப, வங்கி இடத்தைப் பார்த்து ஒப்புதல் தர, கார்த்திகை ஆகிவிடும். தையில் இயந்திரம் இறங்கினால் மாசிப் புளிக்குத் தயார். ஐப்பசியில் போட்டால் ஒப்புதல் வரும்போது புளி எல்லாம் மண்டிக்குப் போயிருக்கும், ஒரு வருடத் தவணையை வெறும் கையோடு கட்ட வேண்டும்.

ஒப்புதல் வந்ததும் பயிற்சி. 2 லட்சம் வரையிலான திட்டத்துக்குக் கட்டாயமில்லை. 5 லட்சம் வரை 5 நாள், அதற்கு மேல் 10 நாள். இணையவழியிலும் முடிக்கலாம், ஆனால் தர்மபுரியில் இந்தியன் வங்கி நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்துக்கு நேரில் போனால் உங்களைப் போலவே நாலு பேர் அறிமுகமாவார்கள். எனக்குக் குளிர்கிடங்கு வைத்திருப்பவரைத் தெரிந்தது அப்படித்தான்.

பிறகு உங்கள் பங்கைக் கட்ட வேண்டும். இயந்திரத்துக்கான பணம் விற்பவர் கணக்குக்கே நேராகப் போகும். இந்த இடைவெளியில் குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவையும், வருட விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவையும் முடித்துவிடுங்கள். முன்னது இலவசம், பின்னதற்கு வருடத்துக்கு 100 ரூபாய். பணம் பட்டுவாடா ஆன வாரமே மேனேஜரிடம் "மானியம் கிளெய்ம் பண்ணியாச்சுங்களா சார்?" என்று கேளுங்கள். மறந்துபோகிற வேலை இது. மாதம் ஒருமுறை பணிவாக நினைவூட்டினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆள் எண்ணிக்கைக்கே கிடைக்கும் பணம்

இதுவரை சொன்னது முதலீட்டுக்கு. வேலைக்கு ஆள் சேர்ப்பதற்கென்றே தரும் பணமும் உண்டு. மத்திய அரசின் வளர்ந்த பாரத வேலைவாய்ப்புத் திட்டத்தில், 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வோர் ஆளுக்கும் மாதம் 3,000 ரூபாய் வரை இரண்டு வருடம் முதலாளிக்குக் கிடைக்கும். உற்பத்தித் தொழிலுக்கு நாலு வருடம். 50 பேருக்குக் குறைவாக உள்ள இடத்தில் குறைந்தது இரண்டு பேர் கூடுதலாகச் சேர்க்க வேண்டும், அவர்கள் ஆறு மாதம் நிலைக்க வேண்டும். முதல்முறை வேலைக்குச் சேர்பவருக்கும் 15,000 வரை உண்டு. எல்லாம் பி.எஃப். கணக்கு வழியாகத்தான். மாநில அரசும் 20 பேருக்கு மேல் வைத்திருக்கும் புதுத் தொழிலுக்கு, முதலாளி கட்டும் பி.எஃப். பங்கை முதல் மூன்று வருடம் திருப்பித் தருகிறது. ஆளுக்கு வருடம் 24,000 வரை. ஆறு பேர் உள்ள புளிக் கொட்டகைக்கு இவை எட்டாது. மாங்கூழ் ஆலை, தையல் யூனிட் என்று நினைப்பவர்கள் ஆரம்பத்திலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் கொட்டகைக்கு ஒரு நோட்டு போதும். மூன்றாம் வருடம் ஆய்வுக்கு வருகிறவர் இயந்திரம் ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை, எத்தனை பேருக்கு வேலை என்றும் எழுதிக்கொண்டு போகிறார். அக்கா நீள நோட்டு ஒன்று போட்டிருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கொடுத்ததும் கையெழுத்து, முடியாதவர்களுக்குக் கைநாட்டு. போன முறை போனபோது புரட்டிப் பார்த்தேன். புரட்டாசிப் பக்கத்திலும் ஐந்து பெயர் இருந்தது, ஓரமெல்லாம் புளிக்கறை.